கழுத்துப்பட்டையில் நான்கு தையல்

பஜனை மடத்துக்காரர்கள் தைப்பூச மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள்: அன்றாட வாழ்வில் சரணாகதி. என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் போகிற கூட்டம் பாடுகிற சரணப்பாட்டு ஒன்று நான் கட்டியது. பதினேழு வருடமாகப் பாடுகிறார்கள். அத்தனை குரலும் சேர்ந்து அதை எடுக்கும்போது சாலையோரத்து மரங்களுக்குக்கூட உடல் சிலிர்க்கும் போலிருக்கும். நான் மட்டும் அந்த நேரத்தில் எதையோ கீழே தவறவிட்டவன் போலக் குனிந்துகொள்வேன்.

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். பக்தி, பாரம், பாதம் என்று சொற்கள் தாமாக வந்து வரிசையில் நின்றன. கூப்பிடாமல் வருகிற சொற்களை நம்பக்கூடாது. மூன்றாவது முறையாக என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். கேட்ட தலைப்பைவிட்டு விலகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இருபத்தாறு வருடம் இந்தப் பினாங்கில் அம்மை குத்தினேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, இந்தத் தீவுக்கு அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடக் கற்று, பிறகு டவுனுக்கு வந்து ஊசி பிடிக்கப் பழகினேன். படிப்பு அவ்வளவுதான். போன வருடம் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது டிஸ்பென்சரியில் குளிர்பெட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த இளைஞர்கள் அதைத் திறந்து காட்டி, இது இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். சமாளித்தோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பொய்.

அம்மைப்பால் என்பது கன்றுக்குட்டியின் உடம்பில் வளர்த்து எடுத்த மருந்து. முடியளவு கண்ணாடிக் குழலில் அடைத்து வரும். உயிருள்ள சரக்கு, சூடு பட்டால் செத்துவிடும். செத்த பிறகும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், அதுதான் அதன் பொல்லாத்தனம். ஆகவே காலையில் ஐஸ் கட்டியை உமியில் புதைத்துத் தகரப் பெட்டியில் வைத்து, நடுவில் குழல்களை அடுக்கி, ஈரக் கோணியால் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொள்வோம். பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, குழலின் இரு முனையையும் ஒடித்து, மருந்தை ஊதித் தோலில் சொட்டுவைத்து, அதன்மேல் ஊசியால் நான்கு இடத்தில் கீறுவோம். இரத்தம் பொட்டுப்போல எட்டிப் பார்க்கலாம், வழியக்கூடாது. வெயிலில் காட்டாமல் உலரவிட வேண்டும்.

அத்தோடு வேலை முடியாது. எட்டாம் நாள் அதே பிள்ளையை அதே இடத்தில் பார்க்க வேண்டும். கீறிய நான்கு இடத்திலும் முத்துப்போலக் கொப்புளம் எழும்பியிருந்தால் ரிஜிஸ்டரில் ‘பிடித்தது’ என்று எழுதுவோம். எழும்பாவிட்டால் ‘பிடிக்கவில்லை’ என்று எழுதி மறுபடியும் குத்த வேண்டும். ஐஸ் உருகிவிட்டால் குழல்களை உடைத்து, இத்தனை கெட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்ப வேண்டும். சட்டம் இவ்வளவுதான். ஒரு குழந்தைகூட மனப்பாடம் செய்துவிடும்.

எங்களுக்கு மேலே சவரிமுத்து ஐயா இன்ஸ்பெக்டராக இருந்தார். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, கறுப்புக் குடையோடு நடந்தே வருவார். காலை முதல் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஆபீசுக்கு வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வாயால் ஒருநாளும் ஆண்டவர் பேச்சு கேட்டதில்லை. பெட்டியைத் திறந்தால் புறங்கையை ஐஸின்மேல் வைப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. எட்டாம் நாள் பார்வைக்கு வந்தால் பிள்ளையின் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிடுவார். அது அழுது ஓயும்வரை கையைப் பிடித்தபடி நிற்பார். பிறகுதான் பார்ப்பார். ‘பிடித்தது’ என்பதை எந்த எழுத்தில் எழுதுவாரோ அதே எழுத்தில், அதே நிதானத்தில் ‘பிடிக்கவில்லை’ என்றும் எழுதுவார். எங்களுக்கெல்லாம் அந்த இரண்டாவது சொல் வந்தால் பேனா தயங்கி நிற்கும். அது பெருகினால் மேலே பெரிய டாக்டர், துவான் என்று நாங்கள் அழைக்கிற வெள்ளைக்கார துரை, கூப்பிட்டு ஏன் என்று கேட்பார். சவரிமுத்து ஐயாவையும் அப்படிக் கேட்டதுண்டு. அதற்காக அவர் கை வேகமாகவோ மெதுவாகவோ எழுதியதில்லை.

சவரிமுத்து ஐயா என்னிடம் அழுத்திச் சொன்ன ஒரே காரியம் டோபி காட் பற்றியது. ஆற்றோரத்தில் நம் சலவைக்காரக் குடும்பங்கள் கல் போட்டுத் துவைக்கிற துறை. “அந்த எடத்த மட்டும் விட்டுடாதப்பா. ஊர்ல எவனுக்கு நோவு வந்தாலும், அவன் படுத்த துணி மொதல்ல அங்கதான் வரும்” என்றார்.

நான் அந்த இடத்தைத்தான் விட்டேன்.

அது ஜப்பான்காரன் வந்த பெரிய சண்டை முடிந்து ஓரிரண்டு வருடத்துக்குள். தைப்பூசத்துக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று மடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாகப் பல்லவி மட்டும் தொண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியோடு டோபி காட்டுக்குப் போகிற வழியில் ஒரு அங்சனா மர நிழலைக் கண்டு, ஒரு வரி வந்துவிட்டது, குறித்துக்கொண்டு போகலாம் என்று இறங்கினேன். ஒரு வரி இன்னொன்றைக் கூட்டிவந்தது. ‘என் வசம் ஒன்றுமில்லை, எல்லாம் உன் வசம்’ என்ற பொருளில் சரணம் சரணமாகக் கொட்டியது. கண்ணில் நீர் வந்தது. நிமிர்ந்தபோது நிழல் நகர்ந்து, சைக்கிள் முழுவெயிலில் நின்றது. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. திறந்தேன். உமி வெதுவெதுவென்று இருந்தது. ஐஸ் இல்லை.

குழல்களை உடைத்திருக்க வேண்டும். திரும்பிப் போய்ச் சவரிமுத்து ஐயாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கே நின்றாய் என்று கேட்பார். மரத்தடியில் பாட்டு எழுதினேன் என்று சொல்ல வேண்டும். பாட்டின் போதை இன்னும் தெளியவில்லை எனக்கு. எல்லாம் அவன் வசம் என்று இப்போதுதானே எழுதினோம், நல்ல குழலாக அவன் எடுத்துக் கொடுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அதைத்தான் நான் அன்று சரணாகதி என்று நினைத்தேன்.

துறையில் பெண்கள் வழக்கம்போலக் கிண்டல் செய்தார்கள். பால்காரர் வந்துவிட்டார், மாட்டைத்தான் காணோம் என்றாள் ஒருத்தி. மாட்டுச் சீழை ஏற்றினால் பிள்ளை புல் கேட்குமா என்றாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே கையை நீட்டவைத்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள். கடைசியாக வந்தவள் அஞ்சலை. மாணிக்கம் என்கிற சலவைக்காரரின் மனைவி. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, பெயர் பவளம். மூத்த பிள்ளையை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். அதனால் அவளுக்கு இரண்டு பயம்: நோய் மறுபடியும் வந்துவிடுமோ என்று ஒன்று, ஊசி போட்டால் மாரியம்மா கோபித்துக்கொள்வாளோ என்று ஒன்று. முன்பு இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பியிருந்தாள். இந்தமுறை தானாக வந்தாள்.

“பூ கேட்டுட்டேங்கய்யா” என்றாள். ஆற்றோரத்து அம்மன் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். வெள்ளை வந்தால் சம்மதம். “வெள்ளதான் வந்துச்சு. இனி அவ பாடு, ஒங்க பாடு. குத்துங்க.”

அவள் நீட்டிய அந்தச் சின்னக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மிக ஒழுங்காகக் கழுவினேன். செத்த மருந்தைச் சொட்டுவைத்து, நான்கு இடத்தில் அழகாகக் கீறினேன்.

எட்டாம் நாள் போனேன். சட்டைக் கைகளைச் சுருட்டச் சுருட்ட, வெறும் தோல். கீறல் ஆறிய கோடுகள், பூனை பிறாண்டியதுபோல. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஏதோ லேசாகத் தடித்திருந்தது, அவ்வளவுதான். அத்தனைக்கும் ‘பிடிக்கவில்லை’ என்று எழுதினால் பெட்டியின் கதை வெளியே வந்துவிடும். முதல் பெயருக்கு நேரே ‘பிடித்தது’ என்று எழுதினேன். அதன்பிறகு கை தானாக ஓடியது.

எழுதி முடித்து மூடும்போது அஞ்சலை வந்து நின்றாள். குழந்தையின் கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

“ஐயா, ஒண்ணுமே எழும்பலையே. எங்கக்கா புள்ளைக்கு முத்து முத்தா வந்துச்சு. இன்னொருக்கா குத்தணுமா?”

வேறு யாரும் கேட்கவில்லை. ஊசிக்குப் பயந்தவள், அம்மனைக் கேட்டுவிட்டு வந்தவள், அவள் ஒருத்திதான் கையைப் பார்த்திருந்தாள். எட்டு நாளும் பார்த்திருந்தாள். நான் அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதத்தான் வேண்டும்.

“பூ கேட்டுத்தானே வந்தே? அம்மா சரின்னு சொன்னாளா இல்லியா? அவகிட்ட விட்டப்புறம் ஒனக்கு என்ன சந்தேகம்? விட்டா விட்டதுதான் அஞ்சல.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, தப்புத்தான் ஐயா என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்துத் தைப்பூசம். என் பாட்டு முதன்முதலாக மலையேறியது. எனக்கு மாலை போட்டார்கள்.

மாசி கடைசியில், கப்பலில் வந்து இறங்கிய யாரோ ஒருவன் ஏதோ ஒரு தங்கும் விடுதியில் அம்மையோடு படுத்திருந்து, அவனுடைய விரிப்பு டோபி காட்டுக்கு வந்தது. சவரிமுத்து ஐயா சொன்ன வழியேதான். அந்த மூட்டையை அவிழ்த்துத் தரம் பிரித்தது மாணிக்கம் வீட்டில். குழந்தை அந்தத் துணிமேல் உட்கார்ந்து விளையாடியிருக்கிறது.

செய்தி வந்த காலை நானும் சவரிமுத்து ஐயாவும் போனோம். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கொப்புளங்களுக்கு நடுவில் அந்த இடதுகையைத் தேடி, புஜத்தை விளக்குக்குத் திருப்பிப் பார்த்தார். குத்தின தழும்பு இல்லை. வெளியே வந்து என் பையிலிருந்த ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, பவளம் என்ற பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

நான் முந்திக்கொண்டேன். “கடவுள் சித்தம் ஐயா” என்றேன்.

“அவர் சித்தத்த அப்பறம் பேசலாம்” என்றார். குரல் உயரவே இல்லை. “நீ பார்த்த கை எங்க?”

மீதி முப்பது பிள்ளைகளுக்கும் அன்று மாலைக்குள் புது மருந்து குத்தினோம். நான் கீறினேன், அவர் ஒவ்வொரு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முப்பது பேருக்கும் ஒன்றும் நேரவில்லை. நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவர் மேலே எழுதினார். பெரிய துவான் என்னைக் கூப்பிட்டு, எட்டாம் நாள் பிடித்திருந்ததா என்று கேட்டார். பக்கத்தில் சவரிமுத்து ஐயா நின்றார். பிடித்திருந்தது என்றேன். சில உடம்பில் பலிப்பதில்லை என்று துவானே ஒரு காரணம் சொல்லிக் காகிதத்தை மூடிவிட்டார். ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் ஓய்வுபெறும்வரை மூன்று வருடம், நான் போன எல்லா எட்டாம் நாளுக்கும் குடையோடு கூடவே வந்தார். எல்லாச் சட்டைக் கையையும் அவரே சுருட்டினார். நான் எழுத மட்டும் செய்தேன்.

பவளம் பிழைத்தாள். இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஆறு மாதம் கழித்து, சொல்லிவிட வேண்டும் என்று ஒருமுறை போனேன். அஞ்சலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தலையணை உறையில் நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சலவைக்காரர்கள் எந்த வீட்டுத் துணி எது என்று தெரிய ஓரத்தில் மையால் குறி போடுவார்கள். அவள் மைக்குறிக்குப் பக்கத்திலேயே நூலில் குறி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்குச் சிலுவை, ஒரு வீட்டுக்கு இரண்டு கோடு, ஒரு வீட்டுக்கு முடிச்சு. வளர்ந்தால் பெண் விரலால் தடவியே தரம் பிரிக்கட்டும் என்று. அத்தனை வாடிக்கை வீட்டுத் துணிக்கும், ஒன்று விடாமல். வேலை முடிந்த மாலைகளில் இதைச் செய்கிறேன் என்றாள், ஏதோ பூக்கட்டுகிறவள் போல.

“அஞ்சல, அந்த எட்டாம் நாளு...” என்று ஆரம்பித்தேன்.

“அத ஏன்யா இப்ப? எம்மேலதான் தப்பு. அம்மாகிட்ட விட்டுட்டு, அப்பறமும் கையப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட்டேன்லா. நீங்ககூட அன்னிக்கே சொன்னீங்க. அதான் கண்ணக் கேட்டுட்டா.” பிறகு, என் முகத்தைப் பார்த்து அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். “நீங்க மனசுல வச்சுக்காதீங்க. உசுரக் குடுத்தாளே.”

நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வேண்டிய மூச்சு நெஞ்சில் இருந்தது. அவளுடைய சமாதானத்தைக் கலைக்க நான் யார் என்று ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டேன். முதல்முறை நான் கெடுத்தது கண்ணை. இரண்டாம்முறை கெடுத்தது என்னவென்று சொல்ல எனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றும் போதவில்லை.

என் துணியும் அவர்களிடம்தான் போகும். அந்த வாரமே என் சட்டைகளின் கழுத்துப்பட்டையில், உட்பக்கம், நான்கு சின்னத் தையல்கள் இருந்தன. சதுரமாக, மூலைக்கு ஒன்று. ஐயாவுக்கு நாலு குத்து என்று அஞ்சலை வைத்த குறி. மரியாதையாக வைத்தது. பவளத்தின் கையில் வந்திருக்க வேண்டிய நான்கு தழும்பு என் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் வளர்ந்து, மூட்டைக்குள் கைவிட்டு, “இது குத்துக்கார ஐயாவோடது” என்று சொல்லக் கற்றாள். நான் வாசலில் நிற்கும்போதே சொல்லிச் சிரிப்பாள். ஓய்வுபெறும்வரை அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தைப்பூசத்துக்கும் போனேன்.

சரணாகதி பற்றிக் கட்டுரை கேட்டு மடத்துக்காரர்கள் வந்துபோன பிறகு, நான் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கண்டவர் இரண்டு பேர். கை சொன்னதை அப்படியே எழுதிய சவரிமுத்து ஐயா. அம்மனைக் கேட்டுவிட்டு, அதன்பிறகும் எட்டு நாள் பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்த அஞ்சலை. இருவரும் தம்மால் ஆனதில் ஒரு துளி மிச்சம் வைக்காமல் செய்துவிட்டுத்தான் மீதியை மேலே விட்டார்கள். நான் செய்ய வேண்டியதையே மேலே தள்ளிவிட்டுப் பாட்டுப் பாடினேன். இதை எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாக வேண்டும் என்று பட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலை போனேன். கொடியெல்லாம் வெள்ளை விரிப்புகள். அஞ்சலை இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். பவளம் கீழே உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். மரத்தடி, உருகின ஐஸ், செத்த மருந்து, ரிஜிஸ்டர், துவான் முன்னால் சொன்ன பொய், எல்லாவற்றையும். பாட்டையும் சொன்னேன். பவளத்தின் கைகள் துணிமேல் நின்றுவிட்டன.

அஞ்சலை கையிலிருந்த கரித்துண்டைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப, நான் அன்னிக்குக் கேட்டது சரிதானா?” என்றாள்.

“சரிதாம்மா.”

“அம்மா கோச்சுக்கல?”

“இல்லம்மா. நீ பார்த்ததுதான் சரி.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினேழு வருடம் முதுகில் சுமந்த மூட்டையை யாரோ சொல்லாமல் இறக்கிவிட்டால் முதலில் தள்ளாட்டம்தான் வரும்போலும். அழவில்லை. கரி பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவளம் தன் இடதுபுஜத்தை வலதுகையால் தடவினாள். மேலிருந்து கீழே, மெதுவாக, மூட்டைக்குள் குறி தேடுகிற அதே விரல்களால்.

“இங்கதானா ஐயா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

இனி என் துணி அங்கே போகாது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மாணிக்கம் வழக்கம்போல மூட்டையோடு வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மேலாக இருந்த சட்டையின் கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு தையலையும் பிரித்திருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரே ஒரு கோடு, எல்லா வீட்டுக்கும் போடுவதுபோலச் சாதாரணமான ஒரு குறி.

“பவளந்தான் பிரிச்சுச்சு” என்றார் மாணிக்கம். “ஏன்னு கேட்டேன், சொல்லல.”

எனக்கும் கேட்கத் தோன்றியது. அங்கே ஓடிப்போய், மன்னித்தாயா, ஒதுக்கினாயா, இது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கால் துடித்தது. அந்தப் பதிலைக் கேட்டு வாங்க எனக்குப் பாத்தியதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிரித்த இடத்தில் ஊசி போன எட்டு ஓட்டைகள் தெரிந்தன. நான் அவற்றையே பார்ப்பதைக் கண்டு, துணி வீணாகிவிட்டதே என்று வருந்துகிறேன் என மாணிக்கம் நினைத்துக்கொண்டார்.

“கவலப்படாதீங்கய்யா. ரெண்டு சலவையில தானா மூடிக்கும்லா” என்றார்.

அந்தச் சட்டையை நான் இன்னும் சலவைக்குப் போடவில்லை.